ஈற்றில் ஓர் எழுத்து

1957ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதினோராந் திகதி, திங்கட்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு, ராகலையிலிருந்து மூன்று மைல் மேலேயுள்ள தேயிலைத் தோட்டமொன்றின் கீழ்ப்பிரிவுப் பள்ளிக்கூடத்தில், மூன்றாம் வகுப்பு மாணவி பூரணி, வயது ஒன்பது, வாசிப்புப் பாடத்தின் நடுவே வலிப்பு வந்து விழுந்தாள். பள்ளியில் அவள் விழுந்தது அது இரண்டாந் தடவை. பள்ளி என்பது ஒரே மண்டபம். அதில் ஐந்து வகுப்புகள், எழுபத்திரண்டு பிள்ளைகள், ஓர் ஆசிரியர், ஒரு தண்ணீர்ப் பானை, அந்தப் பானைக்கு ஒரு குவளை. மறுநாட் காலைக்குள் பதினொரு பெற்றோர் வந்து, தங்கள் பிள்ளைகள் இனி அந்தக் குவளையில் வாய் வைக்கமாட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆசிரியர் சூசைரட்ணம் பூரணியின் சிலேட்டையும் புத்தகத்தையும் எடுத்து அவளுடைய தாய் நாகலெட்சுமியின் கையில் கொடுத்தார்.

"எம்புட்டு நாளைக்குங்க ஐயா வீட்ல வச்சுக்கிறது?" என்று நாகலெட்சுமி கேட்டாள். மலையிலிருந்து நேரே இறங்கி வந்திருந்தாள். கொழுந்துக்கூடை இன்னும் முதுகிலேயே இருந்தது.

"அத நான் சொல்ல முடியாதும்மா. டாக்டரய்யாகிட்ட போ. 'பிட்'டுன்னு அவர் கையால எழுதின துண்டு ஒண்ணு வாங்கிட்டு வா. அன்னைக்கே சேர்த்துக்கிறேன்."

"பிட்டுங்களா?"

"பிட்."

தோட்டத்தில் துண்டுச் சீட்டு இல்லாமல் எதுவும் நடப்பதில்லை. காய்ச்சலில் படுப்பதற்கு ஒரு துண்டு, தேறி எழுந்து வேலைக்குத் திரும்புவதற்கு ஒரு துண்டு. குடியிருக்கும் லயத்துக் கூரை ஒழுகினால் அதற்கும் ஒரு துண்டு. ஆகவே துண்டு என்றதும் நாகலெட்சுமி மலைக்கவில்லை. உடல் தகுதியோடிருக்கிறது என்பதற்கு ஆங்கிலத்தில் அப்படி ஒரு சொல் உண்டு என்பதை மட்டும் அவள் அறியாள். கேட்ட ஒலியைக் கேட்டபடியே மனத்தில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போனாள்.

அவள் கணவன் சோலைமலை தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுபவன். அன்று மாலை அவள் அடுப்படியில் ரொட்டி தட்ட, அவன் சம்பலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டான்.

"வாத்தியாருக்குப் பிட்டு வேணுமின்னா அதுக்குத் துண்டு எதுக்கு புள்ள? வீட்ல மாவு இருக்கு. அவிச்சுக் குடுத்துறலாம்."

"திங்கிற பிட்டு இல்லப்பா, இங்கிலீசு" என்று பூரணி சொல்லிச் சிரித்தாள். சிலேட்டைத் திரும்பப் பெற்றதிலிருந்து அவள் அப்போதுதான் முதன்முதலாகச் சிரித்தாள். அதைக் கண்டு சோலைமலை இன்னும் இரண்டு தடவை பிட்டு என்றான்.

பூரணியின் வலது உள்ளங்கையில் ஒரு வெள்ளைத் தழும்பு இருந்தது. முந்திய ஆண்டு அவளுக்கு முதன்முதலாக வலிப்பு வந்தபோது, "கையில இரும்பக் குடுங்க, இரும்பக் குடுங்க" என்று லயமே கத்தியது. மலையிலிருந்து அப்பொழுதுதான் வந்து நின்ற சோலைமலை, பதற்றத்தில், தன் இடுப்பிலிருந்த கவ்வாத்துக் கத்தியை உருவி மகளின் கையில் வைத்துவிட்டான். வலிப்பு மூன்று நிமிடத்தில் போய்விட்டது. கைக்காயம் ஆற மூன்று வாரம் பிடித்தது.

"ஒலகத்துல வேற இரும்பே கெடைக்கலையா ஒங்களுக்கு? ஒரு சாவி போதாதா?" என்று நாகலெட்சுமி அதன்பின் பல தடவை கேட்டிருக்கிறாள்.

"நம்ம காம்பராவுக்குப் பூட்டே இல்லையே. சாவிக்கு நான் எங்க போறது?" என்பது ஒவ்வொரு தடவையும் அவன் சொன்ன மறுமொழி.

ரொட்டி வேகும்போதே பக்கத்துக் காம்பரா வேலாயி வாசலோர இஸ்தோப்பில் வந்து நின்றாள். அவள் கையில் துறையூரிலிருந்து வந்த கடிதம் இருந்தது. அந்த லயத்துக்கு வரும் கடிதங்களையெல்லாம் வாசிப்பவள் பூரணிதான். வேலாயி வாசற்படியைத் தாண்டாமல், கையை நீட்டிக் கடிதத்தைக் கொடுத்தாள்.

"ஒண்ணும் நெனைச்சுக்காத மதினி. எம்மக வீரம்மாவ தள்ளி ஒக்கார வைக்கச் சொல்லி வாத்தியார்கிட்ட நானும் சொல்லிட்டேன். ஒட்டிக்கிற நோவுன்றாங்க."

"யாரு சொன்னா?"

"பீலிக்கரையில தண்ணி புடிக்கிற எல்லாருந்தான்."

"ஒட்டிக்கும்னா படிப்பும் ஒட்டியிருக்கணுமே வேலாயி. மூணு வருசமா ஒம்மக இவ பக்கத்துலதான குந்தியிருக்கு? கடுதாசிய இன்னும் இங்கதான கொண்டாற?"

சோலைமலை தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டான். வேலாயிக்குக் கோபம் வருவதற்கு முன்னே சிரிப்பு வந்துவிட்டது. "ஒன் வாயில அந்த ரொட்டிய வச்சு அடைக்கணும்" என்று சொல்லிக்கொண்டு படியைத் தாண்டி வந்து உட்கார்ந்தாள். பூரணி கடிதத்தை விரித்து, நிறுத்த வேண்டிய இடங்களில் நிறுத்தி, வேலாயியின் அண்ணன் வாங்கிய எருமையைப் பற்றி வாசித்தாள். ஆனால் மறுநாளும் வீரம்மா பள்ளியில் பூரணியின் வெற்றிடத்தை விட்டுத் தள்ளியே உட்கார்ந்தாள். பூரணி வீட்டிலேயே இருந்தாள்.

அந்தத் தோட்டத்தில் ஒன்பது வயதில் பள்ளியை விட்டு நின்ற பெண்பிள்ளை எதுவும் திரும்பிப் போனதில்லை. முதலில் அடுப்பு, அடுத்து தம்பி தங்கையர், பிறகு கொழுந்துக்கூடை. நாகலெட்சுமியும் அந்த வழியேதான் மலைக்கு வந்தவள். ஆகவே கழிந்த ஒவ்வொரு நாளையும் அவள் விரல்விட்டு எண்ணினாள்.

பள்ளிக்கூடம் லயத்துக்கு நேர் கீழே இருந்தது. பிள்ளைகள் வாய்பாடு சொன்னால் லயத்துக்குக் கேட்கும். பூரணி இஸ்தோப்பில் உட்கார்ந்து, கீழிருந்து வந்த குரல்களோடு தன் குரலையும் சேர்த்து, ஏழாம் வாய்பாடு முழுவதையும் சொன்னாள். எதிர்மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு, கீழே எழுபத்தொரு குரலும் மேலே ஒரு குரலுமாக அது கேட்டது. வாசிப்புப் பாடம் மட்டும் மேலே கேட்காது. அந்நேரத்தில் அவள் சிலேட்டைத் துடைத்தாள்; துடைத்ததையே மறுபடியும் துடைத்தாள்.

தோட்டத்து டிஸ்பென்சர் டக்ளஸை எல்லாரும் டாக்டரய்யா என்றே அழைத்தார்கள். மேற்பிரிவில் காய்ச்சல் பரவியிருந்தபடியால் அவர் இரண்டு வாரம் கழித்து, மார்ச் இருபத்தைந்தாந் திகதி காலையில்தான் கீழ்ப்பிரிவுக்கு வந்தார். நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். நாகலெட்சுமியின் முறை வந்தது.

"பள்ளிக்கூடத்துக்குத் துண்டு வேணுங்க ஐயா. வாத்தியாரய்யா பிட்டுன்னு எழுதி வாங்கியாரச் சொன்னாரு."

டக்ளஸ் பூரணியின் இமையை விலக்கிப் பார்த்தார். எத்தனை தடவை வந்தது, எவ்வளவு நேரம் நின்றது, நாக்கைக் கடித்தாளா, முன்கூட்டி ஏதாவது தெரிந்ததா என்று வரிசையாகக் கேட்டார்.

"பிட்டு இல்லம்மா. பிட்ஸ். கடைசியில ஸ் வரணும்."

"சரிங்க ஐயா. ஸ் போட்டே எழுதிக் குடுங்க."

அவர் தலையை உயர்த்தாமல் பெயரும் திகதியும் எழுதி, அவற்றின் கீழே அந்த ஒரே சொல்லை எழுதிக் கையொப்பமிட்டார். பின்பு வெள்ளை மாத்திரைகளை எண்ணிக் காகிதத்தில் மடித்தார். "ராத்திரிக்கு ஒண்ணு. ஒரு நாளும் விடக்கூடாது. நல்லாயிட்டுதுன்னு நீயா நிப்பாட்டினா திரும்ப வரும். வலிப்பு வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வை. வாயிலயும் ஒண்ணும் வைக்காத, கையிலயும் ஒண்ணும் வைக்காத. இரும்பும் வேணாம்."

"இரும்ப போன வருசமே நிப்பாட்டிட்டோமுங்க" என்றாள் நாகலெட்சுமி.

சூசைரட்ணம் எழுத்துக்கு எழுத்து ஒழுங்கு பார்ப்பவர். லகர ளகர ழகரம் மயங்கிப் பேசிய பிள்ளையை அதே சொல்லைப் பத்துத் தடவை சொல்ல வைப்பார். ஆங்கிலத்தை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கற்றவர். அதை இரும்புப் பெட்டியில் வைத்த சரிகை வேட்டியைப் போலப் பாதுகாத்து, நல்ல நாளில் மட்டும் வெளியே எடுப்பார். நாகலெட்சுமி கொடுத்த துண்டை அவர் வகுப்பின் முன்னே நின்றபடி வாசித்தார். இன்னொரு தடவை வாசித்தார். பின்பு அவர் முகம் மெல்ல மலர்ந்தது. சோக்குக் கட்டியை எடுத்துக் கரும்பலகையின் பக்கம் திரும்பினார்.

"எல்லாரும் இங்க பாருங்க. நான் கேட்ட சொல்லு பிட். டாக்டரய்யா எழுதியிருக்கிற சொல்லு பிட்ஸ். ஸ் ஏன் வந்துச்சு? யாருக்காவது தெரியுமா?"

அவர் அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, தாமே பதிலும் சொன்னார்.

"பிட்னா பொருந்துறதுன்னும் அர்த்தம். நான், நீ, நாங்க, அவங்க, இதுக்கெல்லாம் பிட். அவள்னு வந்தா, அது படர்க்கை ஒருமை. படர்க்கை ஒருமைக்கு இங்கிலீசுல வினைச்சொல் கடைசியில ஸ் வரும். பூரணி யாரு?"

"படர்க்கை ஒருமை" என்று ஐந்தாம் வகுப்பு சொல்லிற்று.

"ஆக, அவள் பொருந்துகிறாள். பள்ளிக்கூடத்துக்குப் பொருந்துகிறாள். இலக்கணம் வழுவாம எழுதியிருக்கார். எல்லாரும் சிலேட்டுல எழுதுங்க."

எழுபத்தொரு பிள்ளைகளும் எழுதினார்கள். எழுபத்திரண்டாவதாகப் பூரணி முன்வாங்கில் போய் உட்கார்ந்து எழுதினாள். முறையிட்டவர்களுக்குச் சூசைரட்ணம் அந்தத் துண்டைக் காட்டினார். ஆங்கிலத்தையும் கையொப்பத்தையும் கண்டதும் அவர்கள் மேற்கொண்டு பேசவில்லை. பிள்ளைகளுக்குத் தனித்தனிப் போத்தலில் தண்ணீர் கொடுத்தனுப்பத் தொடங்கினார்கள்.

மாத்திரை முடிந்த அன்று நாகலெட்சுமி மீண்டும் டிஸ்பென்சரிக்குப் போனாள். வலிப்பு வரவில்லை என்று கேட்டு டக்ளஸ் மகிழ்ந்தார்.

"வாத்தியார் துண்டப் பாத்துட்டு என்ன சொல்லியிருப்பார்னு எனக்குத் தெரியும். வலிப்புன்னு எழுதின பிள்ளைய எந்தப் பள்ளிக்கூடத்துல வச்சிருக்காங்க? பாவம்."

நாகலெட்சுமி மாத்திரைப் பொட்டலத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். "வலிப்புன்னாங்க எழுதியிருந்தீங்க?"

"பின்ன? பிட்ஸ்னா வலிப்புத்தானே. ஸ் இல்லாட்டித்தான் வேற அர்த்தம். பிள்ள வீட்ல ஏதாவது படிக்குதா?"

"படிக்குதுங்க" என்றாள் அவள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

லயத்தின் பின்னே சோலைமலை லீக்ஸ் பாத்திக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தான். அவள் நடந்ததைச் சொல்லி முடித்தபோது, அவன் சிரித்துச் சிரித்துப் பாத்தியிலேயே உட்கார்ந்துவிட்டான். ஏழு லீக்ஸ் நசுங்கின.

"எந்திரிங்க. சிரிக்கிற விசயமா இது? சொல்லிறணுமா, வேணாமா?"

"சொன்னா?"

"சிலேட்டத் திரும்ப நம்ம கையில குடுத்துருவாரு."

"சொல்லாட்டி?"

"படிச்ச மனுசன். கரும்பலகையில வேற எழுதிப் போட்டுட்டாரு. நாளைக்கு ஒருத்தன் வந்து தப்புன்னு சொன்னா மொகத்த எங்க வச்சுக்குவாரு?"

"அப்ப நாளன்னைக்குச் சொல்லலாம்" என்றான் சோலைமலை.

நாளன்றைக்கும் அவள் சொல்லவில்லை. ஏப்ரலில் மழை விழுந்து கொழுந்து பொங்கியது. விடியற்காலைப் பெரட்டுக்குப் பெயர் கொடுக்கப் போனவர்கள் இருட்டுகிற வரையில் மலையில் நின்றார்கள். விரல்கள் கறுத்து, இடுப்பில் கட்டிய படங்கு நனைந்து முழங்காலில் ஒட்டிக்கொண்டது. வாத்தியாரைப் பாதையில் காணும்போதெல்லாம் நாகலெட்சுமி வாயைத் திறப்பாள். "பூரணி நேத்து இருபது கணக்கும் சரியாப் போட்டாம்மா" என்று அவர் முந்திக்கொள்வார். திறந்த வாயைக் கொண்டு அவள் சிரிப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. மே மாதத்தில் வீரம்மா, யாரும் சொல்லாமலே, தன் சிலேட்டை எடுத்துக்கொண்டு பூரணியின் பக்கத்துக்குத் திரும்பி வந்தாள். தள்ளியிருந்தால் பார்த்து எழுத முடியவில்லை என்பது அவள் சொன்ன காரணம்.

ஜூலை பதினெட்டாந் திகதி வியாழக்கிழமை, பள்ளிக்கு மேலேயுள்ள மலையில் கொழுந்தெடுப்பு நடந்தது. தூறலும் காற்றுமாக இருந்தது. தகரக் கூரையின் கீழிருந்து ஒன்பதாம் வாய்பாடு வந்துகொண்டிருந்தது. ஒன்பதாறு ஐம்பத்து நாலு என்றதும் குரல்கள் அறுந்தன.

நாகலெட்சுமியின் கை செடியிலேயே நின்றது. ஓர் அலறல் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. சற்றுப் பொறுத்து, ஒன்பதேழு அறுபத்து மூன்று என்று குரல்கள் மீண்டும் எழுந்தன. அவள் அதை நம்பாமல், கூடையோடு மலைச்சரிவில் ஓடினாள்.

மண்டபத்தில் பூரணி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தலையின் கீழே சூசைரட்ணத்தின் கோட்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது. அவர் நிலத்தில் சம்மணமிட்டு, சட்டைப்பையிலிருந்து எடுத்த கடிகாரத்தைக் கையில் வைத்திருந்தார். வீரம்மா பூரணியின் சிலேட்டைத் தன் சிலேட்டோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, மற்றப் பிள்ளைகளோடு உரத்த குரலில் வாய்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருவர் கையிலும் இரும்பு இல்லை.

"ரெண்டு நிமிசம் நாப்பது செக்கன்" என்றார் சூசைரட்ணம். "இப்ப தூங்குறா. எழுப்பாத."

நாகலெட்சுமி கூடையை இறக்கி வைத்தாள். இனிப் பொறுக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது. "ஐயா, அந்தத் துண்டுல..."

"தெரியும்மா."

"பிட்ஸ்னா வந்துங்க..."

"வலிப்பு. அன்னைக்குச் சாயங்காலமே அகராதியில பாத்துட்டேன். எதுக்கும் ஒருதரம் பாத்துருவோம்னு எடுத்தேன். ரெண்டாவது அர்த்தமா போட்டிருந்துச்சு. முதலுதவிப் புத்தகத்தையும் அன்னைக்கே எடுத்து வச்சேன்."

"அப்புறம் ஏங்க ஐயா நீங்க..."

"அத்தன பிள்ளைங்களும் சிலேட்டுல எழுதிருச்சுங்களே. மறுநாள் திருத்திரலாம்னுதான் வந்தேன். வந்தா இவ முன்வாங்குல ஒக்காந்து வாசிக்கிறா. கால்புள்ளிக்கு ஒரு மாத்திரை, முற்றுப்புள்ளிக்கு நாலு மாத்திரை. இந்தப் பள்ளிக்கூடத்துல ஒருத்தரும் கால்புள்ளிக்கு நிக்கிறதில்லம்மா. பதினாறு வருசமாச் சொல்லிட்டேன். நான் என்னதான் செய்யட்டும்?"

"நானும் மூணு மாசமா இதச் சொல்லத்தாங்க ஐயா வாயத் தொறந்தேன்."

"தெரியும். அதுக்குத்தான் நான் முந்திக்கிட்டேன்."

செய்தி அன்று மாலையே பீலிக்கரைக்குப் போயிற்று. பதினொருவரில் ஐவர் மீண்டும் முறையிட்டார்கள். தோட்டத்துத் துரை, வாத்தியாரும் டிஸ்பென்சரும் பெற்றோரைக் கூட்டி முடிவு செய்து தனக்குத் தெரிவிக்கட்டும் என்று சொல்லியனுப்பினார். ஜூலை இருபத்தோராந் திகதி, ஞாயிற்றுக்கிழமை காலை, கம்பளியும் குடையுமாக ஐம்பது பேர் பள்ளிக்கூடத்தில் கூடினார்கள்.

சூசைரட்ணம் கரும்பலகையின் பக்கத்தில் நின்று, அந்தச் சொல்லை மறுபடியும் எழுதினார். "இத நான் தப்பா வாசிச்சேன்" என்றார். தாம் எவ்வாறு வாசித்தார், எழுதியவர் எதைக் கருதினார், தவறென்று தெரிந்த பின்னும் எத்தனை நாள் சும்மா இருந்தார் என்பதையெல்லாம் ஒன்றும் விடாமல் சொன்னார். அவர் காதுகள் சிவந்திருந்தன. முதலில் டக்ளஸ் சிரித்தார்; அவர் சிரித்தபின் மண்டபமே சிரித்தது. சூசைரட்ணம் கடைசியாகச் சிரித்தார்.

"சிரிப்பு இருக்கட்டுங்க" என்று பின்வரிசையில் ஒருவன் எழுந்தான். "ஒட்டிக்கிச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"ஒட்டாது" என்றார் டக்ளஸ். "இது மூளையில வர்றது. எச்சில்ல வர்றது இல்ல. பத்துத் தோட்டம் பாத்துட்டேன். ஒருத்தர்கிட்டேயிருந்து ஒருத்தருக்கு வந்து நான் கண்டதில்ல."

"நீங்க டாக்டரு, அப்படித்தான் சொல்லுவீங்க."

வேலாயி எழுந்தாள். தலையில் போட்டிருந்த கம்பளியை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். "அப்ப நான் சொல்றேன். எம்மக வீரம்மா இவ பக்கத்துலதான் குந்துது. ஒட்டலன்னு சொல்ல மாட்டேன். ஒட்டிருச்சு. போன வாரம் எங்கண்ணன் கடுதாசி வந்துச்சு. நான் பக்கத்து வீட்டுக்கு எடுத்துட்டுப் போகல. எம்மகளே படிச்சிருச்சு. எரும கன்னு போட்டிருக்காம்."

அவள் நாகலெட்சுமியைத் திரும்பிப் பார்த்து, "போதுமா மதினி?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தாள். நாகலெட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று பக்கத்திலிருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

டக்ளஸ் அந்தப் பழைய துண்டைக் கேட்டு வாங்கினார். ஈற்றெழுத்தை அடித்துவிடுவார் என்று சூசைரட்ணம் எதிர்பார்த்தார். டக்ளஸ் அதை அடிக்கவில்லை. அந்தச் சொல்லுக்கு முன்னே, அதே வரியில், பூரணி என்று ஆங்கிலத்தில் எழுதி, அன்றைய திகதியை இட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

சூசைரட்ணம் அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "எழுவாய் இல்லாம நின்னுச்சு. எழுவாய் சேர்த்துட்டார்" என்று கூட்டத்துக்குச் சொன்னார். "பூரணி பொருந்துகிறாள். இப்ப நான் வாசிச்சதுதான் சரி."

அன்று முடிவானவை பள்ளிக் குறிப்பேட்டில் எழுதப்பட்டுத் துரைக்கு அனுப்பப்பட்டன. பூரணி ஐந்தாம் வகுப்பு முடியும்வரை அப்பள்ளியிலேயே படிப்பாள். படிக்கட்டுக்கும் சுவருக்கும் தள்ளி, முன்வாங்கின் நடுவில் அவளுக்கு இடம். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து நேரம் பார்ப்பது, இரும்பு கொடுப்பதில்லை, பாடத்தை நிறுத்துவதில்லை. மேற்பிரிவில் இதே நோய்க்காக இரண்டு ஆண்டுகளாக வீட்டில் வைத்திருந்த காளியாயி என்ற பத்து வயதுப் பிள்ளையை, மறுநாள் திங்கட்கிழமையிலிருந்து இரண்டாம் வகுப்பில் சேர்த்துக்கொள்வது. தண்ணீர்க் குவளையைப் பற்றி எதுவும் தீர்மானிக்க வேண்டியிருக்கவில்லை. கூட்டம் முடிந்ததும், வாத்தியாருக்காகச் சோலைமலை அவிக்கச் செய்து ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்திருந்த பிட்டை எல்லாருக்கும் பங்கிட்டார்கள். பிட்டு சற்று உலர்ந்துவிட்டிருந்தது. ஐம்பது பேரும் ஒருவர்பின் ஒருவராகப் பானையண்டை போய், அந்த ஒரே குவளையில் தண்ணீர் குடித்தார்கள்.